அழுத்தினால் மறையாத புள்ளிகள்

மகனே,

முதலில் நான் பார்த்தது ஒரு சின்னப் புள்ளி. வேலை விட்டு வந்து வாசல் தொட்டியருகே கால் கழுவிக்கொண்டிருந்தேன். இடது கணுக்காலுக்கு மேலே, கொலுசு உரசுகிற இடத்தில், சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. கடுகில் பாதி இருக்கும். நூல் பிசிறு என்று நினைத்துச் சுண்டினேன். பிறகுதான் யோசித்தேன், நான் வேலை செய்கிற இடத்தில் எல்லாமே வெள்ளை, சிவப்பு நூல் வர வழியே இல்லை. கொசுக்கடியாக இருக்கும் என்று பெருவிரலால் அழுத்தினேன். கொசுக்கடி என்றால் அழுத்தும்போது வெளுக்கும், விரலை எடுத்தால் மறுபடி சிவக்கும். இது வெளுக்கவில்லை. விரலுக்கு அடியில் மணல் போல நெருடியது. வலது காலைப் பார்த்தேன். அங்கும் அதே இடத்தில் இருந்தது. இடதில் மேலே மூன்றும் கீழே இரண்டும், வலதில் மேலே மூன்றும் கீழே இரண்டும். கண்ணாடியில் பார்த்து வரைந்தது போல் இருந்தது. நான் பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, கல்யாணமும் ஆகவில்லை. இல்லாத பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் எனக்கு ஒரு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றிக்கொண்டால் நான் பிழைப்பேனாம், ஆனால் நீ வராமல் போகலாமாம். ஏற்றாவிட்டால் நானும் இல்லை, நீயும் இல்லை. அதனால் நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வளர்ந்து மீசை வைத்த ஆளாக உன்னை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏன் மகள் என்று எழுதாமல் மகன் என்று எழுதுகிறேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா இறந்துபோனதால் நிறுத்தினோம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அது பாதிதான். எழுந்து நின்று வாசி என்று வாத்தியார் சொல்வாரே, அந்தப் பயம்தான் மீதிப் பாதி. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மம்சாபுரத்தில் எங்கள் வீடு. அம்மா காட்டு வேலைக்குப் போவாள், நான் பஸ் ஏறி இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்குப் போவேன். ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் வைக்கிற வலை மாதிரியான மெல்லிய துணி இருக்கிறதே, காஸ் துணி, அதைச் சதுரமாக மடித்து அடுக்குவது என் வேலை. ஓரத்து நூல் காயத்துக்குள் போய்விடக் கூடாது என்பதால் வெட்டிய ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே போக வேண்டும். நாள் முழுதும் நின்றுகொண்டே மடிப்போம். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் சாய்வாக ஒரு இழுப்பு இழுத்து அழுத்துவேன். அந்தச் சாய்ந்த கோடு இருந்தால் அது நான் மடித்தது. எங்களைப் பார்த்துக்கொள்கிற தாயம்மா அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். "ஏமி அம்மாயி, துணிக்கு நாமம் போடுதியா?" என்று கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

புள்ளி வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு மூக்கு சரியில்லை. சளி பிடித்தது போல அடைத்துக்கொள்ளும், உள்ளே பொருக்குக் கட்டும், பொருக்கோடு ரத்தம் வரும். பஞ்சுத் தூசி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் மடித்துக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ஒரு சொட்டு துணியில் விழுந்துவிட்டது. கறை பட்டால் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு அக்காவிடம் சொல்ல வேண்டும், அதுதான் முறை. கூடை ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. நான் நடந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுதானே. அதன் மேல் மடித்தேன். மறுபடி மடித்தேன். மூன்றாவது மடிப்பில் அது மறைந்துவிட்டது. நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டோடு சேர்த்து வைத்தேன். அந்தக் கட்டு பொட்டலமாகிப் போய்விட்டது, எந்த ஊருக்கு என்று தெரியாது. இதைத்தான் உன்னிடம் முதலில் ஒப்புக்கொள்ள நினைத்தேன். யாருடைய காயத்துக்கோ போகிற துணியில் என் ரத்தத்தை வைத்து அனுப்பினேன், வெட்கத்துக்குப் பயந்து.

புள்ளிகள் நாலைந்து நாளில் பெருகி, முழங்காலுக்குக் கீழே குங்குமம் தெளித்தது போல் ஆயின. மூட்டெல்லாம் வலித்துக் காய்ச்சலும் வந்தது. அம்மா என் பாவாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மணல்வாரி அம்மையில்லா போட்டிருக்கு. ஆத்தா வந்திருக்கா. ஏட்டி, மருந்து மாத்திரைன்னு வாயைத் தொறக்கக் கூடாது பாத்துக்கோ." வாசலில் வேப்பங்குழை கட்டினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. என்னை வேப்பிலை மேல் படுக்க வைத்தாள். எழுந்து நடக்க விடவில்லை. மோரும் இளநீருமாகக் கொடுத்தாள். அடுத்த வீட்டுச் சித்தி வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, மணல்வாரின்னா மூஞ்சியில்லா மொதல்ல போடும்? காலோட நின்னுட்டாளே ஆத்தா" என்றாள். அம்மா அவளை முறைத்தாள். "அவ எங்க நிக்கணும்னு நீ சொல்லித்தான் அவளுக்குத் தெரியணுமாக்கும்?" என்று அனுப்பிவிட்டாள்.

ஏழாம் நாள் புள்ளிகள் மங்கிப் பழுப்பாகிவிட்டன. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை என் தலைக்கு ஊற்றினாள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்றாள். நான் வேலைக்குப் போனேன். இரண்டு நாள் நின்று வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை கால் கழுவும்போது புதுப் புள்ளிகள் இருந்தன, இந்தத் தடவை முழங்காலுக்கு மேலே. மறுபடி வேப்பிலை, மறுபடி படுக்கை. மறுபடி மங்கியது, மறுபடி தண்ணீர் ஊற்றினாள். வேலைக்குப் போனேன், வந்தது, தொடை வரை வந்தது. குளத்தில் தண்ணீர் ஏறுவதைக் கரையில் கட்டிப்போடப்பட்டவள் பார்த்துக்கொண்டிருப்பது போல, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். பின்னால் மதுரையில் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. இந்த நோயில் ரத்தம் கசிகிற புள்ளிகள் கீழ்ப்பக்கமாகத்தான் முதலில் வருமாம். நின்றால் வரும், படுத்தால் மங்கும். நான் படுத்துக் கிடந்ததால்தான் மங்கியது. அம்மாவோ மூன்று தடவையும் தன் கண்ணாலேயே பார்த்தாள், வேப்பிலையில் படுக்க வைத்தால் போகிறது, வேலைக்கு அனுப்பினால் வருகிறது. அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவள் பார்த்தது பொய்யில்லை. புள்ளி மங்கியதைத்தான் நாங்கள் பார்த்தோம், உள்ளே நடந்ததைப் பார்க்கவில்லை. நீ எங்கே இருந்தாலும் இதை நினைவில் வை. தோலில் வந்தது மறைந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது தடவை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "எறங்குனவ திரும்பத் திரும்ப வாரான்னா ஏதோ கொறை இருக்கு. மறைக்காமச் சொல்லு தாயி. தீட்டோட கோயிலுக்குப் போனியா? யாரு பொருளையும் தொட்டியா?" எனக்கு அந்த ஒரு சொட்டு நினைவுக்கு வந்தது. மூன்று மடிப்புக்குள் வைத்து அனுப்பினேனே, அது எங்கேயோ பிரிக்கப்பட்டு, வழி கேட்டுக்கொண்டு, ஒன்று பலவாகி, என் காலைத் தேடி வந்து ஏறுகிறது என்று தோன்றியது. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அம்மா தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. என் குரல் கரகரத்துக் கனத்துப் போனது. ஒரு சாயங்காலம் அடுப்படியிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டேன், வெளியே நின்ற அம்மா "யாருட்டி உள்ள?" என்று கேட்டுக்கொண்டே கம்போடு வந்தாள். என்னைப் பார்த்த பிறகும் கம்பைக் கீழே போடவில்லை. சுவரில் விழுந்த என் நிழலைப் பார்த்தால் மூக்கு நடுவில் பள்ளமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே உண்மையாகவே உள்ளே இறங்கியிருந்தது. அடிபடவே இல்லை. என் முகத்தை யாரோ உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குப் போனால் கருப்பட்டிக் காபி நிறத்தில் நுரையாகப் போனது. அதையும் வெட்கப்பட்டு நான் யாரிடமும் சொல்லவில்லை. நிறைய வெட்கப்பட்டுவிட்டேன் மகனே. இருமும்போது ரத்தம் வந்த அன்றைக்குத்தான் அம்மாவே வேப்பங்குழையை அவிழ்த்துவிட்டு, "கட்டையில போறதுக்கு முன்னால கெளம்பு" என்று என்னை இராஜபாளையத்துக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் முதலில் காசநோய் என்றுதான் சந்தேகப்பட்டார். படம் எடுத்து, சளியைப் பார்த்தார், அது இல்லை என்று வந்தது. பிறகு ஒன்றுக்குப் பிடித்து வரச் சொன்னார். அந்தக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "எத்தனை நாளா இந்தக் கலர்ல போகுது?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மாட்ட கேக்கல, உன்ட்ட கேக்கேன்." ஒரு மாதம் என்று விரலைக் காட்டினேன். அவர் அன்றைக்கே சீட்டு எழுதி மதுரைக்கு அனுப்பினார்.

மதுரை வார்டில் காலில் மிளகு அளவு தோலை வெட்டி எடுத்தார்கள். முதுகு வழியாக நீளமான ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் மாதிரி ஒரு துணுக்கை எடுத்தார்கள். ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முதுகில் ஊசி குத்திய இடத்தில் வைக்க நர்ஸ் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். குப்புறப் படுத்திருந்த நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் கையில் இருந்த துணியின் மேல் சாய்வாக ஒரு கோடு இருந்தது. என் நகக் கோடு. அவள் ஒரு மடிப்பைப் பிரித்தாள், வெள்ளை. இரண்டாவது மடிப்பு, வெள்ளை. மூன்றாவதைப் பிரிக்காமல் அப்படியே என் முதுகில் வைத்து அழுத்திவிட்டாள். அன்று முழுதும் நான் திரும்பிப் படுக்கவில்லை. என் முதுகில் இருப்பது எந்தத் துணி என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ ஆயிரம் மடித்திருக்கிறேன், அதில் ஒன்று வந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பெயர் வாஸ்குலைட்டிஸ். உடம்பில் இருக்கிற மிகச் சின்ன ரத்தக்குழாய்கள் புண்ணாகி வீங்கிக் கசிகிற நோய். தோலில் கசிந்தால் புள்ளி, மூக்கில் என்றால் பொருக்கு, நுரையீரலில் என்றால் இருமலில் ரத்தம், சிறுநீரகத்தில் என்றால் அது வேலையை நிறுத்திவிடும். "ஊர்க்காவலுக்கு ஆள் வைக்கிற மாதிரி, நோயைத் தடுக்க உடம்பு ஆள் வச்சிருக்கு. அவனே புத்தி கெட்டுப்போய் நம்ம வீட்டுக்குள்ள பூந்து அடிக்கிறான். அதான் இது." ஏன் அப்படி ஆகிறது என்று அம்மா கேட்டாள். சிலருக்கு ஏதாவது தொற்று வந்துபோன பிறகு வரும், சிலருக்குச் சில மருந்தால் வரும், சில தூசியைக்கூடச் சொல்கிறார்கள், பலருக்கு ஏன் என்றே தெரியாது என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் ஒன்று வரும் என்பது அவளுக்கு ஆத்தா கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

அப்போதுதான் நான் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்தேன். "ரத்தம் பட்ட துணிய மடிச்சு அனுப்பிட்டேன். அதனாலயா?" அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "நீங்க மடிச்சு அனுப்புறதை ஆவியில வேக வச்ச பிறகுதான் காயத்துல வைப்போம். கறை பட்டதைத் தூரப் போட்டிருப்பாங்க. அனுப்பினது தப்பு. ஆனா இந்த நோய் அதனால வரல. இது தொத்தவும் செய்யாது" என்றார். தப்பைத் தப்பு என்று சொன்னதால்தான் மற்றதையும் நம்ப முடிந்தது.

மூன்று நாள் தொடர்ந்து ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள், பிறகு மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு. புள்ளிகள் நின்றன, இருமல் நின்றது. ஆனால் தூக்கம் போய்விட்டது. இரவும் பகலும் கண்ணை மூடினாலும் விழித்தபடி கிடந்தேன். நாலாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எதிர்க் கட்டில் காலி. அதன் ஓரத்தில் நீ உட்கார்ந்திருந்தாய்.

இருபத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை. குனிந்து உன் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ உட்கார்ந்த இடத்தில் விரிப்பு அமுங்கவில்லை. ஜன்னல் வெயில் கட்டில் முழுதும் அடித்தது, உனக்குப் பின்னாலும் அடித்தது. பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கத்தவும் இல்லை, கத்துகிற பழக்கம்தான் எனக்கு இல்லையே. நீ தலையைத் திருப்பினாய். உன் பக்கவாட்டு முகம் தெரிந்தது. உனக்கு என் மூக்கு இருந்தது, பள்ளம் விழாத என் பழைய மூக்கு. அதனால்தான் மகனே என்று எழுதுகிறேன். அம்மா குடத்தோடு உள்ளே வந்து எதிர்க் கட்டிலில் நீ இருந்த இடத்திலேயே குடத்தை வைத்தாள். அந்த மாத்திரை சிலருக்கு இப்படித் தூக்கத்தைக் கெடுத்து எதையாவது காட்டும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். இருக்கலாம். மாத்திரைக்கு என் பழைய மூக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள்தான் அந்த இன்னொரு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஸ்டீராய்டு தீயை அமுக்கும், அணைக்காது, சிறுநீரகம் இன்னும் முழுதாகப் போகவில்லை, இதைக் காப்பாற்ற வேண்டுமானால் மாதம் ஒரு தடவை ஆறு தடவைக்கு இன்னொரு மருந்தும் ஏற்ற வேண்டும் என்றார். முடி கொட்டும், வேறு நோய்கள் சுலபமாகத் தொற்றும், மூத்திரப்பையைப் புண்ணாக்கும் என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். "இன்னொண்ணும் சொல்லணும். கருமுட்டையை இது பாதிக்கலாம். பிள்ளை பிறக்காமப் போகலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது, இவளுக்கு வயசு கம்மி, அதனால வாய்ப்பு இருக்கு. ஆனா ஆகாதுன்னு நான் எழுதித் தர முடியாது."

எனக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள், கூமாப்பட்டியில் அம்மாவின் அண்ணன் மகனோடு. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "உயிரு இருந்தாப் போதும்னு நீங்க சொல்லுதீய தாயி. இருந்து என்ன செய்வா? நாலு பேறு பாத்து மூணை மண்ணுக்குக் குடுத்தவ நான். ஒத்தப் புள்ளை இல்லைன்னா அவ கெதி என்ன? எவன் வச்சிருப்பான்?" டாக்டரம்மா, "இப்போ வேண்டாம்னா இவளே இருக்க மாட்டாம்மா" என்றார். "ஊருக்குப் போயிக் கேட்டுட்டு வாரோம்" என்றாள் அம்மா. எட்டு நாள், அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது, மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஊரில் அம்மா யாரிடமும் கேட்கவில்லை. எதைச் சொல்லிக் கேட்பாள்? மாத்திரையை மட்டும் தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். என் முகம் நாளுக்கு நாள் உருண்டு திரண்டு, கன்னம் வீங்கி, மூக்குப் பள்ளமே தெரியாத அளவுக்கு ஊதியது. கண்ணாடியில் தெரிந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தலையைச் சாய்த்தால் அவளும் சாய்த்தாள், அதை வைத்துத்தான் நான் என்று நம்பினேன். ஆறாம் நாள் கூமாப்பட்டியிலிருந்து மாமா மாம்பழக் கூடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "என்னத்தா, மேலுக்குச் சொகமில்லைன்னு அழுத? புள்ள நல்லாப் பூசுன மாதிரியில்லா இருக்கா! காஞ்ச கருவாடு கணக்கா இருந்தவளை என்னத்தைப் போட்டு வளத்த?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். "மதுரைத் தண்ணி அண்ணே." "அப்ப எதுக்கு தை வரைக்கும் இழுத்துக்கிட்டு? ஆவணியிலயே முடிச்சிருவோம்." அம்மா தலையை ஆட்டினாள்.

நான் பின்பக்கம் போனேன். அன்று காலையிலிருந்தே சந்தேகமாக இருந்தது. இப்போது நன்றாகத் தெரிந்தது. கருப்பட்டி நிறம் திரும்பிவிட்டது. உள்ளே நல்ல முகம் என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் நான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த முகத்தைத்தான் மணவறையில் உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறக்கிற பிள்ளையாகத்தான் நீ வர வேண்டியிருக்கும், வர நேரம் இருந்தால். மறைத்து மடித்தது ஒன்று போதும் என்று நினைத்தேன். உன்னை வைத்து இன்னொன்றை மடிக்க மாட்டேன்.

மறுநாள் காலை அம்மா தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாத்திரையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். தனியாக நான் இராஜபாளையத்துக்குத் தவிர எங்கேயும் போனதில்லை. அதுவும் கண்டக்டருக்குத் தெரிந்த முகம், கேட்காமலே சீட்டுத் தருவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் "எங்கம்மா?" என்றார். எனக்குக் குரல் வரவில்லை. "எங்கங்கேன்?" முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "மதுரைக்கு ஒண்ணு" என்றேன். அந்தக் கனத்த குரல் பஸ் முழுதும் கேட்டது. பின்னாலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது மகனே. இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தேன்?

பஸ் கிளம்பப் போகிற நேரம், முந்தானையை இடுப்பில் செருகியபடி அம்மா ஓடி வந்தாள். கையில் சாணி முழுதாகக் கழுவப்படவில்லை. அக்குளில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். இறக்கிக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று நினைத்து முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து செத்த நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கேனை என் மடியில் வைத்தாள். "தண்ணி நெறையாக் குடிக்கணும்னு அந்தம்மா சொன்னாவல்ல? ஒரு சொட்டு இல்லாம ஓடி வந்திருக்க. கூறு கெட்டவளே." பாதி வழியில் என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கணுக்காலில் கிடந்த பழைய கறைகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது. நீ வந்தால், என்றைக்காவது உன் காலில் அழுத்தினால் மறையாத புள்ளியைக் கண்டால், யார் என்ன பேர் சொன்னாலும், ஒரு குப்பியில் ஒன்றுக்குப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார். பிறகு வாயைத் திறந்து யாரிடமாவது சொல். நீ வராவிட்டால், நீ வேண்டாம் என்று நான் நினைத்ததாக நினைக்காதே. உன்னை நான் ஒரு மத்தியானம் பார்த்திருக்கிறேன். என் பழைய மூக்கை நீ வைத்துக்கொள்.

வார்டில் எதிர்க் கட்டிலில் இன்று வேறொரு பெண் படுத்திருக்கிறாள். அவள் காலடியில் அவளுடைய துணி மூட்டை. நீ உட்கார இடமில்லை. ஆனாலும் நான் அங்கே பார்த்துவிட்டுத்தான் டாக்டரம்மாவிடம் திரும்பினேன். அவர் படிவத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா மைக்காகக் கட்டைவிரலை நீட்டினாள். "இவளுக்குப் பதினெட்டு ஆயிருச்சுல்ல? அப்போ இவதான் போடணும்" என்றார் டாக்டரம்மா. நான் கையெழுத்துப் போட்டேன். இடது கையை நீட்டினேன். ஊசி ஏறி, மேலே சொட்டு விழத் தொடங்கியதும், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நர்ஸிடம் கேட்டு அம்மா வாங்கித் தந்த பரீட்சை அட்டையையும் தாளையும் மடியில் வைத்து, வலது கையால் மகனே என்று எழுதினேன்.